மடைக்கல்லில் இரண்டு பேர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி பிளாஸ்க்கோடு இரண்டு தம்ளர்களைப் பையில் வைத்திருந்தாள். நான் ஒன்றை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தேன். "ஒருத்தனுக்கு எதுக்குட்டி ரெண்டு தம்ளர்?" என்று கேட்கவும் செய்தேன். அவள் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்கும். எனக்கு அப்போது பறவை முகத்தைத் தவிர வேறு முகம் பார்க்க நேரமில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டராக இருந்தவன் நான். ஸ்பின்னிங் ஷெட்டில் எட்டு மணி நேரம் நின்றால், பக்கத்தில் நிற்பவன் வாயசைவதைப் பார்த்துத்தான் என்ன சொல்கிறான் என்று புரிந்துகொள்ள வேண்டும். காதை அடைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பார்கள். எவன் அடைத்தான்? ஓய்வு பெற்று வெளியே வந்தபோது உடம்பில் சர்க்கரையும் காதில் பாதிச் செவிடும் மிச்சமாக இருந்தன. முழுச் செவிடு இல்லை. லாரி கேட்கும். கோயில் கொட்டு கேட்கும். மனைவி ஏசுவது நன்றாகவே கேட்கும். மெல்லிய, கூரான சத்தங்கள்தான் போய்விட்டன. கொலுசு போயிற்று, போன் மணி போயிற்று. காது மிஷின் வைக்கச் சொன்ன டாக்டரிடம், எனக்கு இன்னும் அந்த வயசு வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதே டாக்டர்தான் தினம் நடக்கச் சொன்னார். சும்மா நடப்பதைப்போல எரிச்சலான வேலை உலகத்தில் கிடையாது. நான்கு நாள் நடந்தேன், ஐந்தாம் நாள் படுத்துவிட்டேன். அப்போது எங்கள் ஒரே மகள் வீட்டில் இருந்தாள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொன்ன காலம் அது. சின்ன வயதிலிருந்தே பறவைப் பைத்தியம் அவளுக்கு. அவள்தான் என்னை எழுப்பிவிட்டாள்.

"சும்மா நடந்தாத்தானப்பா போரடிக்கும். எண்ணிக்கிட்டே நடப்போம் வாங்க."

"எதை எண்ண?"

"கண்மாய்ல இருக்கிறதை எல்லாம்."

தென்காசி ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் இறங்கினால் எங்கள் கண்மாய். கரை மேல் ஏறினால் மேற்கே மலை முழுக்கத் தெரியும். நடுக்கரையில் மடை இருக்கிறது. அதன் மேல் ஒரு நீளமான கல். இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். முதல் நாள் அந்தக் கல்லில் உட்காரவைத்து, தண்ணீரில் கருப்பாகத் தெரிந்ததையெல்லாம் வாத்து என்று நான் சொல்ல, அது நாமக்கோழி, இது நீர்க்காகம், அது முக்குளிப்பான் என்று அவள் பிரித்துச் சொன்னாள். முக்குளிப்பான் முங்கி வேறு இடத்தில் எழுந்ததைப் பார்த்து, இன்னொன்று வந்துவிட்டது என்று நான் கணக்கைக் கூட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் கொக்கெல்லாம் கிளம்பிவிட்டது.

ஒரு மாதத்தில் எனக்குப் பிடித்துக்கொண்டது. பிடித்தால் எனக்குப் பேய் மாதிரிதான் பிடிக்கும். சேர்த்துவைத்த சம்பளத்தில் அவள் நல்ல கேமரா ஒன்று வாங்கினாள். வாங்கியது அவள், எடுத்தது பெரும்பாலும் நான். மில்லில் நூல் அறுந்த இடத்தைத் தேடித் தேடிப் பழகிய கண், இலைக்குள் இருக்கும் குருவியைச் சட்டென்று பிடித்துவிடும். காதுதான் உதவாது. இலைக்குள் ஏதோ கத்துகிறது என்று தெரிந்தால்தானே கண் அங்கே போகும்?

அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். அவள் எனக்குப் பின்னால் வருவாள். இடது பக்கம் சத்தம் கேட்டால் இடது தோளில் தட்டுவாள், வலது பக்கம் என்றால் வலது தோளில். ஒரு தட்டு தட்டினால் தரை. இரண்டு தட்டு என்றால் புதர். மூன்று என்றால் மரம். பேச்சே கிடையாது. அவள் தட்டுவாள், நான் திரும்புவேன், குருவி அங்கே இருக்கும். தையல்சிட்டு, கதிர்க்குருவி, கட்டைவிரல் அளவுகூட இல்லாத பூக்கொத்தி, எல்லாம் எனக்குத் தோள் வழியாக வந்தவைதான். இரண்டு வருடம் நான் அவள் விரலில்தான் கேட்டேன்.

எண்ணியதைப் போனில் ஒரு செயலியில் பட்டியலாகப் போடுவாள். எந்த இடம், எத்தனை மணி நேரம், எவ்வளவு தூரம் நடந்தோம், எத்தனை பேர் பார்த்தோம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும். இரண்டு பேர் போனால் ஒருவர் பட்டியல் போட்டு மற்றவருக்கு அனுப்பலாம். "நீங்களும் அங்கே இருந்தீர்களா?" என்கிற மாதிரி வந்து நிற்கும். ஏற்றுக்கொண்டால் அது நம் கணக்கிலும் சேரும். ஒருநாள் எனக்குக் காய்ச்சல், அவள் மட்டும் போய்வந்தாள். பாம்புத்தாரா பார்த்ததாகச் சொன்னாள். என் கணக்கில் பாம்புத்தாரா இல்லை. எனக்கும் அனுப்பிவிடு என்று கேட்டேன்.

"நீங்க வரலையேப்பா."

"உடம்பு சரியா இருந்தா வந்திருப்பேம்லா?"

"வந்திருந்தா பேரைச் சேத்திருப்பேன். இல்லாதவங்களை இருந்ததா எழுதுனா அந்த லிஸ்டே பொய் ஆயிரும்."

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் சொன்னதுதான் சரி என்று பட்டது. அதற்குப் பிறகு நான் அவளைவிடக் கண்டிப்பாகிவிட்டேன். எங்கள் பக்கத்தில் பறவை பார்ப்பவர்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு உண்டு. தளவாய்புரத்துக்காரர் ஒருவர் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே நாற்பது வகை பார்த்ததாகப் போடுவார். அவரை நான் எல்லோர் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். கண் கொத்திப் பாம்பு என்று அவர் எனக்குப் பெயர் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அதில் பெருமைதான்.

தான் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதை மகள் அந்த மடைக்கல்லில் வைத்துத்தான் என்னிடம் சொன்னாள். கூட வேலை பார்க்கும் பையன். எங்கள் ஆட்கள் இல்லை. வீட்டில் சொல்லாமல் ஏன் அங்கே சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அங்கேதான் நான் நல்ல மனநிலையில் இருப்பேன், வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்து ஒரு சொல் விடாமல் புரிந்துகொள்வேன். ஒரு சொல்லும் விடவில்லை. எல்லாம் புரிந்தது. புரிந்துகொண்டு நான் சொன்னதை இங்கே முழுக்க எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. கடைசியாகச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

"இனிமே எங் கண்ணு முன்னால வராத. நீ வார எடத்துல நான் இருக்க மாட்டேன்."

அவள் கேமராப் பையைக் கழற்றிக் கல்லில் வைத்துவிட்டுக் கரையில் நடந்து போனாள். கல்யாணம் சென்னையில் நடந்தது. நான் போகவில்லை, மனைவியையும் போக விடவில்லை. வீட்டில் மகள் பெயரை எடுக்கக் கூடாது என்று சொல்லிவைத்தேன். பிறகு மூன்று வருடம் அவள் கேமராவைத் தூக்கிக்கொண்டு அவள் காட்டிய கரையில் நான் தனியாக நடந்தேன். வெட்கம் கெட்டவன் என்று நீங்கள் நினைத்தால் மறுக்கமாட்டேன். அந்தக் கேமராவில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்தவர் பெயராக அவள் பெயர்தான் பதியும். அவள் செய்துவைத்தது. மாற்றத் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மில்லில் அத்தனை மிஷினைக் கழற்றி மாட்டியவனுக்கு அது தெரியாதாம்.

அந்த மூன்று வருடப் பட்டியல்களைப் பார்த்தால் எங்கள் கண்மாயில் சின்னக் குருவிகளே இல்லை என்று தோன்றும். நாரை இருக்கும், வாத்து இருக்கும், பருந்து இருக்கும். பூக்கொத்தி ஒருநாள்கூட இருக்காது. முள்ளுக்காடு பெருகிப்போய்க் குருவிகள் ஓடிவிட்டன என்று குழுவில் எழுதினேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. என்னை மறுத்துவிட்டு யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

சனிக்கிழமை சாயங்காலம் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மருந்துக் கடை வைத்திருக்கும் நண்பர் போட்டிருந்தார். மடவார் வளாகம் பக்கத்துக் கண்மாயில் வரித்தலை வாத்துகள், பதினொன்று. இமயமலையைத் தாண்டி வருகிறவை. நம் பக்கத்துக் கண்மாயில் இறங்குவது அபூர்வம். என் கணக்கில் இல்லாத பறவை. உடனே கேமராவை எடுத்தேன். பேட்டரியைச் சார்ஜில் போட்டேன்.

மனைவி வந்து நின்றாள். "நாளைக்கும் நம்ம கண்மாய்க்கே போங்களேன். அம்புட்டு தூரம் எதுக்கு?"

"உனக்கு என்னட்டி தெரியும்? வரித்தலை வாத்து வந்திருக்கு."

"வாத்து அடுத்த வாரமும் இருக்கும்லா?"

"அது என்ன நம்ம வீட்டு ஆட்டுக்குட்டியா, கட்டிப்போட்டு வைக்க?"

"ஞாயித்துக்கிழமைன்னா நீங்க மடையிலதான உக்காந்திருப்பிய. ஒருநாளும் மாத்துனதில்லையே."

"ஒருநாள் மாத்துனா கண்மாய் வத்திப்போயிருமோ?" என்று கத்தினேன். அவள் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் பின்வாசலில் போனை வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. யாரிடம் பேசுகிறாள் என்று கேட்டுக்கொள்ள எனக்குத்தான் காது இல்லையே. பிறகு என் பக்கமாக ஒருமுறை வந்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

காலையில் நான் எடுத்துப்போட்ட தம்ளரைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண்மாயில் அன்று கிடைத்த வெளிச்சம் எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. மார்கழிப் பனி தண்ணீர் மேல் ஒரு முழ உயரத்துக்கு நின்றது. பதினொரு வாத்துகளும் கரையோரப் புல்லில் மேய்ந்துகொண்டிருந்தன. வெள்ளைத் தலையில் இரண்டு கருப்புக் கோடுகள், பின்பக்கமாக ஒரே சீராக. வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டே ஒரு வரப்புக்குப் பின்னால் போய்ப் படுத்தேன். போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டேன். கண்மாய்க்குள் இறங்கினால் போனைச் சத்தமில்லாமல் வைப்பது பறவை பார்க்கிறவர்களின் வழக்கம், மகள் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். வெயில் ஏறியதும் வாத்துகள் ஒன்றுசேர்ந்து எழுந்து என் தலைக்கு மேலேயே வட்டமடித்தன. இறக்கை வீச்சு எனக்குக்கூடக் கேட்டது. வாழ்நாளில் நான் எடுத்த நல்ல படம் எது என்று கேட்டால் அன்று எட்டு மணிக்கு எடுத்த படம்தான். இரண்டரை மணி நேரம் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

கரைக்கு வந்து போனைப் பார்த்தேன். மனைவி ஒன்பது முறை கூப்பிட்டிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தால் பால்கோவா வாங்கிவரச் சொல்லுவாள், அதற்காகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். போனில் அவள் சொல்வது எனக்குச் சரியாகக் கேட்காது. ஆகவே திருப்பிக் கூப்பிடாமல் ஊருக்குள் போய்க் கால் கிலோ வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வழியில் மதுரை பஸ் ஒன்று எதிரே வந்து என்னை மண்ணில் இறக்கிவிட்டுப் போனது. வண்டியை நிறுத்தி அந்த டிரைவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். பஸ் அதற்குள் போய்விட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆப்ப வாசனை அடித்தது. தேங்காய்ப்பால் காய்ச்சியிருந்தாள். எனக்குச் சர்க்கரை என்பதால் எங்கள் வீட்டில் அதைச் செய்து வருடக் கணக்காகிறது. மனைவி அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். வெளியே போய்வந்தவள் மாதிரி நல்ல சேலை கட்டியிருந்தாள். மேடையில் நான் வைத்த தம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. நான் பால்கோவாவை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. நான் அவள் வாயைப் பார்க்கும்படி முகத்தை நிமிர்த்தி, மெதுவாகச் சொன்னாள்.

"அவ வந்திருந்தா."

யார் என்று நான் கேட்கவில்லை.

அவளும் புருஷனும் வேலை கிடைத்துக் கனடா போகிறார்களாம். அன்று ராத்திரி சென்னையில் விமானம், காலையிலேயே மதுரைக்குப் போய் அங்கிருந்து பறந்தால்தான் அதைப் பிடிக்க முடியும். அதற்கு முன்னால் என்னை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று தனியாகச் சென்னை ரயிலேறி வந்திருக்கிறாள். வீட்டுக்கு வா என்று தாய் சொன்னதற்கு, அப்பா கூப்பிடாமல் வாசப்படி மிதிக்கமாட்டேன் என்றாளாம். என் ரத்தம், எப்படி இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா மடைக்கல்லில் இருப்பார், அங்கே போய் நில்லு, நான் சொன்னதாகச் சொல்லாதே என்று தாயும் மகளும் இரண்டு வாரமாகப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். சனிக்கிழமை நான் வாத்து என்று குதித்தபோது மகள் ரயிலேறிவிட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா போவியளா? அவ வார எடத்துல இருக்க மாட்டேன்னு சொன்ன ஆளு நீங்க. காலையில எப்படியும் மனசு மாறி மடைக்கே போயிருவியன்னு நெனச்சேன். போன்ல பேச வச்சிரலாம்னு பாத்தா உங்களுக்கு அவ சத்தம் கேக்காது. நேர்ல மூஞ்சியைப் பாத்தா எளகிருவியன்னுதான் வரச் சொன்னேன்."

அவள் கணக்கு சரிதான். நான் இளகியிருப்பேன். அந்தக் கரையில் அவள் நடந்துவருவதைத் தூரத்தில் பார்த்திருந்தால் போதும், எழுந்து நின்றிருப்பேன். மூன்று வருடமாக அந்தக் கல்லில் ஒரு ஓரமாகத்தான் உட்கார்கிறேன். மறு ஓரம் யாருக்கு என்று என்னை யாரும் கேட்டதில்லை.

நான் வராததால் மகள் தாயைக் கூப்பிட, தாய் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், மதுரை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவளை ஜன்னல் வழியாகப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, ஆப்பத்தைத் தூக்குச்சட்டியில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். எங்கள் ஊரிலிருந்து மதுரை பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் போகும். மனைவி தன் போனை எடுத்து, மகள் பஸ்ஸிலிருந்து அனுப்பிய செய்தியைக் காட்டினாள். "அப்பா எதுக்கால போறாங்கம்மா. என்னோட பையைத்தான் மாட்டியிருக்காங்க. யாரையோ ஏசிக்கிட்டிருக்காங்க."

நான் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். மகள் நம்பரை வாங்கிக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் எனக்கு என்ன கேட்டிருக்கும்? விமான நிலையத்திலிருந்து அவள் அம்மாவிடம் மட்டும் போனில் இரண்டு வார்த்தை பேசினாளாம்.

மூன்று மணி வாக்கில் என் போனில் செயலியிலிருந்து ஒன்று வந்தது. மகள் ஒரு பட்டியலை எனக்கு அனுப்பியிருந்தாள்.

எங்கள் கண்மாய். காலை ஆறு பத்துக்குத் தொடக்கம். இரண்டு மணி நாற்பது நிமிடம். நடந்த தூரம் என்கிற கட்டத்தில் பூஜ்யம். பறவை பார்க்கிறவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். அவள் ஓரிடத்தைவிட்டு நகரவில்லை. ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் நிற்பவள் இல்லை அவள். பத்து நிமிடத்துக்கு மேல் உட்காரவைத்தால் காலாட்டுவாள். நகர்ந்தால் நான் வரும்போது பார்க்க முடியாமல் போய்விடுமோ என்று நின்றிருக்கிறாள். நின்ற நேரத்துக்கு எண்ணியிருக்கிறாள், வேறு என்ன செய்வாள்?

நாற்பத்து மூன்று வகை. பூக்கொத்தி, இரண்டு. தையல்சிட்டு, நான்கு. கதிர்க்குருவி, சின்ன மீன்கொத்தி, தேன்சிட்டு. நான் ஓடிவிட்டன என்று ஊருக்கே சொன்ன குருவிகள் அத்தனையும் இருந்தன. ஏழு பறவைகளுக்குப் பக்கத்தில் "சத்தம் மட்டும்" என்று குறித்திருந்தாள். ஒரே ஒரு படம் சேர்த்திருந்தாள், போனில் எடுத்தது. மடைக்கல், அதன் மேல் ஒரு வாலாட்டிக் குருவி. நான் உட்கார்கிற ஓரத்தில் அது நின்றிருந்தது. நான் இருந்திருந்தால் அது அங்கே வந்து நின்றிருக்காது.

எத்தனை பேர் பார்த்தீர்கள் என்கிற கட்டத்தில் இரண்டு என்று போட்டிருந்தாள்.

அடுப்படிக்குப் போய் மனைவியிடம் கேட்டேன். "அவகூட யாரு வந்திருந்தா?"

"ஒருத்தரும் வரல. ஒத்தையிலதான் வந்தா, ஒத்தையிலதான் போனா."

காய்ச்சலில் கிடந்த அப்பனுக்கு ஒரு பாம்புத்தாராவைத் தர மாட்டேன் என்றவள். இல்லாதவரை இருந்ததாக எழுதினால் பட்டியலே பொய் என்றவள். இதை எந்த நேரத்தில் போட்டாள் என்று யோசித்தேன். மடையில் காத்திருந்தபோதே, நான் வந்துவிடுவேன் என்று நம்பித் தொடங்கும்போதே இரண்டு என்று போட்டாளா? இல்லை, நான் வரவில்லை என்று தெரிந்து, ரோட்டில் என்னைப் பார்த்த பிறகு, பஸ்ஸில் உட்கார்ந்து போட்டாளா? எதுவாக இருந்தாலும் எனக்குத் தாங்கவில்லை. நான் தெரிந்தே வராமல் இருந்துவிட்டேன் என்று அவள் நினைத்திருந்தால் என்கிற எண்ணம் அதைவிடத் தாங்கவில்லை. நான் அன்று சொன்ன சொல் அப்படி.

ஏற்றுக்கொள்ளவா, வேண்டாமா என்று இரண்டு பொத்தான்கள் நின்றன. வேண்டாம் என்று அழுத்தினால் அது உண்மை. நான் அங்கே இல்லை. ஆனால் அதை அழுத்த நான் கல்லாக இருக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் பொய். ஊரில் எத்தனை பேரைப் பொய்ப் பட்டியலுக்காகப் பிடித்து உலுக்கியிருக்கிறேன்! மூன்று வாரம் அதைத் தினமும் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். வாத்துப் படங்களைக் கேமராவிலிருந்து இறக்கவே இல்லை. குழுவில் எல்லோரும் கேட்டார்கள். வெளிச்சம் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அதுதான் நான் சொன்ன முதல் பொய். பால்கோவா பெட்டியும் பிரிட்ஜில் பிரிக்காமலே கிடந்து, ஒருநாள் மனைவி அதைக் குப்பையில் போட்டாள்.

மூன்றாம் வாரம் ஏற்றுக்கொண்டேன். என் கணக்கில் அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்பத்து மூன்று பறவைகள் ஏறின. ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை, கேட்கவில்லை. நான் மடைக்கல்லில் மகளோடு இரண்டு மணி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்ததாக இப்போது அதில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். தளவாய்புரத்துக்காரரும் பார்க்கலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை கனடாவிலிருந்து போன் வந்தபோது மனைவி இந்த முறை என்னிடம் மறைக்காமல் கூடத்திலேயே பேசினாள். என்னிடம் நீட்டினாள். காதில் வைத்தேன். தூரத்தில் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். நடுவில் அவள் குரல் எங்கே இருக்கிறது என்று என்னால் பிடிக்க முடியவில்லை. "ஆமா, ஆமா" என்று சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியாது. போனை மனைவியிடம் கொடுத்து, "லிஸ்டை எடுத்துக்கிட்டேன்னு சொல்லு" என்றேன். அவள் ஒன்றும் புரியாமல் அதை அப்படியே சொன்னாள். பிறகு போனைக் காதைவிட்டு எடுக்காமல் நின்றாள்.

"என்ன சொல்லுதா?"

"ஒண்ணும் சொல்லல. அழுதா."

"எப்ப வருவாளாம்?"

"மூணு, நாலு வருசம் ஆகுமாம்."

எனக்கு இந்தத் தையில் அறுபத்தேழு முடிந்தது. கணக்குப் போட வேண்டாம் என்று நினைத்தாலும் மனசு போட்டுவிடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மடைக்கு நான் கிளம்பும்போது, மனைவியும் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள். கண்மாய்க்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. பையில் இரண்டு தம்ளர்கள் இருந்தன, நான் தொடவில்லை. கல்லில் என் ஓரத்தில் உட்கார்ந்து கேமராவைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் எங்கோ நின்றாள்.

இடது தோளில் மூன்று தட்டு விழுந்தது.

நான் சட்டென்று கேமராவை இடது பக்கத்துக் கருவேல மரத்துக்குத் தூக்கினேன். உச்சியிலிருந்து கீழ்க்கிளை வரை, இலை இலையாகத் தேடினேன். ஒன்றும் இல்லை. மறுபடி தேடினேன். மனைவி குனிந்து என் காதருகே பேசினாள்.

"அங்க என்னத்தைப் பாக்கிய? டீ ஆறுதுன்னுலா தட்டுனேன்."

நான் கேமராவை முகத்தைவிட்டு எடுக்கவில்லை. எடுத்தால் அவள் என் கண்ணைப் பார்த்துவிடுவாள். குருவி இல்லாத அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டித் தம்ளரை வாங்கிக்கொண்டேன்.